ராஜாவுக்கும் வட்டி உண்டு

இந்த முறை தபாலில் ஐரோப்பிய மகுடங்கள் குவிந்துவிட்டன. பதினான்காம் லூயியில் தொடங்கி 1848 வரை பதில் சொல்லியாகிறது.

கேள்வி: ‘நானே அரசு’ என்று பதினான்காம் லூயி முழங்கினாராமே?

பதில்: முழங்கியதற்குச் சாட்சியில்லை. 1655ல், பதினாறு வயதில், பாரிஸ் நீதிமன்றத்துக்கு வந்து சொன்னதாகக் கதை. அன்றைய பதிவேட்டில் அந்த வாக்கியம் கிடையாது. சாகும் தறுவாயில் அவர் சொன்னதாகக் குறித்து வைத்திருப்பது இதற்கு நேர் எதிர்: தான் போனாலும் அரசு நிலைத்திருக்கும் என்ற பொருளில். ஆனால் பாடப்புத்தகக்காரர்களுக்குத் திமிரான வசனம்தான் பிடித்தது.

கேள்வி: பாரிஸ் என்ற தலைநகர் இருக்க, வெர்சாய்க்குப் போய் ஏன் அரண்மனை கட்டினார்? ஆடம்பரம்தானே?

பதில்: ஆடம்பரம் பாதி, பயம் பாதி. லூயி சிறுவனாக இருந்தபோது பிரபுக்களும் நீதிபதிகளும் சேர்ந்து கலகம் செய்தார்கள். 1651ல் ஒரு பிப்ரவரி இரவு, ராஜாவை ரகசியமாக ஊரைவிட்டுக் கடத்திவிட்டார்களோ என்று பார்க்கப் பாரிஸ் மக்கள் படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயது ராஜா தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக் கிடந்தார். அந்த ஊர் மீது அவருக்கு அப்புறம் பாசம் வரவேயில்லை.

அப்பாவின் வேட்டை மாளிகையை இழுத்து இழுத்துக் கட்டி, 1682ல் அரசவையோடு அங்கே குடியேறினார். பிரபுக்களையும் அங்கேயே வரவழைத்தார். சொந்தக் கோட்டையில் இருந்தால் படை திரட்டுவார்கள். வெர்சாயில் இருந்தால் காலையில் ராஜாவுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பது யார், இரவில் மெழுகுவத்தி பிடிப்பது யார் என்று தங்களுக்குள் போட்டி போடுவார்கள். போட்டார்கள். வாளுக்குப் பதில் வத்தியைக் கையில் கொடுத்து ஒரு வர்க்கத்தையே அடக்கியது, அந்த மனிதர் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம்.

ஆனால் அந்தத் தோட்டத்தின் நீரூற்றுகளைக் கவனியுங்கள். சேன் நதியிலிருந்து தண்ணீர் ஏற்ற, 14 பெரிய சக்கரங்கள் வைத்த ராட்சத இயந்திரத்தை 1684ல் மார்லியில் நிறுவினார்கள். அப்படியும் எல்லா ஊற்றுகளும் ஒரே நேரத்தில் பொங்கும் அளவுக்குத் தண்ணீர் போதவில்லை. ராஜா நடந்து வரும் பக்கம் தோட்டக்காரர்கள் விசில் அடித்து அடையாளம் சொல்ல, அந்த ஊற்றைத் திறப்பார்கள். அவர் தாண்டியதும் மூடிவிடுவார்கள். எல்லையில்லாத அதிகாரம் என்பது கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இப்படித்தான் இருந்தது.

கேள்வி: முழு முடியாட்சி என்றால் நினைத்தபோது வரி போட்டுக்கொள்ளலாமே? பிறகு பிரெஞ்சு ராஜாவுக்குப் பணமுடை எப்படி?

பதில்: போடலாம், ஏழைமேல் மட்டும். முக்கியமான நேர்முக வரியிலிருந்து பிரபுக்களுக்கும் பாதிரிமாருக்கும் விலக்கு. உப்புக்கு வரி உண்டு. அது மாகாணத்துக்கு மாகாணம் வேறு. பல மறைமுக வரிகளை வசூலிப்பது குத்தகைக்காரர்கள். அவர்கள் முன்பணம் கட்டிவிட்டு ஜனங்களைப் பிழிவார்கள். போர் வந்தால் கடன்தான். 1689ல் வெர்சாயின் வெள்ளி நாற்காலி மேசைகளையே உருக்கிக் காசாக்கினார் பதினான்காம் லூயி.

எதிரே இங்கிலாந்தைப் பாருங்கள். 1649ல் ஒரு ராஜாவின் தலையை வெட்டி, 1688ல் இன்னொருவரை விரட்டி, அடுத்த ஆண்டே ராஜாவின் கையைச் சட்டத்தால் கட்டினார்கள். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வரி கிடையாது. 1694ல் இங்கிலாந்து வங்கி 12 லட்சம் பவுன் கடன் கொடுத்துத் தன் கணக்கைத் தொடங்கியது. வரி போடும் சபையே கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டதுபோல ஆகிவிட்டதால், கொடுத்தவனுக்குப் பயமில்லை, வட்டியும் குறைந்தது. பிரான்ஸில் ராஜா நினைத்தால் ‘கடன் ரத்து’ என்று அறிவித்துவிடுவார். 1770ல் ஓரளவுக்கு அப்படித்தான் நடந்தது. யாரும் கேள்வி கேட்க முடியாத ஆளுக்குக் குறைந்த வட்டியில் யார் கடன் கொடுப்பார்கள்?

கேள்வி: தாடிக்கு வரி போட்ட ராஜா யார்? என் கணவரைப் பயமுறுத்தப் பயன்படும்.

பதில்: ரஷ்யாவின் மகா பீட்டர். 1698ல் ஐரோப்பியச் சுற்றுலா முடித்து வந்ததும் பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே மழித்தார், 1705ல் வரியாக்கினார். கட்டியவருக்கு அடையாளமாக ஒரு வில்லை கொடுப்பார்கள். இவ்வளவு நாகரிகம் பேசியவர் லண்டன் பக்கம் டெப்ட்ஃபோர்டில் வாடகைக்குத் தங்கிய வீட்டை எப்படி வைத்திருந்தார் தெரியுமா? வீட்டு உரிமையாளர் ஜான் எவலின் ஆசை ஆசையாக வளர்த்த வேலியைச் சக்கர வண்டியை ஓட்டி நாசமாக்கினார்கள். சேதத்தை மதிப்பிட வந்தவர் கட்டடக்கலை மேதை கிறிஸ்டபர் ரென். இழப்பீட்டைக் கட்டியது இங்கிலாந்து அரசு.

கேள்வி: மகா கேதரின் தத்துவஞானிகளின் தோழி அல்லவா? நல்ல சர்வாதிகாரி என்று ஒருவரையாவது ஒத்துக்கொள்ளுங்களேன்.

பதில்: நல்ல வாடிக்கையாளர் என்று ஒத்துக்கொள்கிறேன். பணமுடையில் இருந்த தத்துவஞானி தித்ரோவின் நூலகத்தை 1765ல் விலைக்கு வாங்கி, புத்தகங்களை அவர் வீட்டிலேயே விட்டு, அவரையே அதற்கு நூலகராக்கிச் சம்பளமும் தந்தார். பிறகு ஐம்பது ஆண்டுச் சம்பளத்தை ஒரேயடியாக முன்பணமாகக் கொடுத்தார். 1773ல் தித்ரோ பீட்டர்ஸ்பர்க் போனார். உற்சாகத்தில் பேசும்போது மகாராணியின் தொடையில் தட்டித் தட்டிப் பேசுவாராம். அம்மையார் நடுவே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டார்.

இருவரும் சுதந்திரம் பற்றி அளவளாவிய அதே குளிர்காலத்தில், புகச்சோவ் என்பவரின் தலைமையில் கொசாக்குகளும் பண்ணையடிமைகளும் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். அவர்களோடு பேசக் கேதரின் அனுப்பியது தத்துவஞானியை அல்ல, படையை.

கேள்வி: ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டுமே என்ற மேரி அன்டாய்னெட்டை மன்னிக்கலாமா?

பதில்: அந்த வாக்கியத்துக்கு மட்டும் தாராளமாக. ரூசோ தன் வரலாற்றில் அதை யாரோ ஓர் இளவரசியின் வாயில் போட்டு எழுதியபோது, இந்தப் பெண் வியன்னாவில் இருந்த சிறுமி. பிரான்ஸுக்கு வந்ததே 1770ல்தான்.

கேள்வி: 1789 புரட்சிக்கு உண்மையான காரணத்தை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: வட்டி. இரண்டாவது வரிக்கு அனுமதி உண்டென்றால்: ஆலங்கட்டி மழை.

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்தபோது, பழைய பகையைத் தீர்க்கப் பதினாறாம் லூயி உதவிக்குப் போனார். செலவு நூறு கோடி லிவ்ரைத் தாண்டியது. 1788ல் அரசின் செலவில் சுமார் பாதி பழைய கடனுக்கே போனது. ராணியின் நகைகளையும் கொண்டைகளையும் பற்றி ஊரே பேசியது; அரண்மனைச் செலவு மொத்தத்தில் ஆறு சதவீதம் போலத்தான். அதே ஆண்டு ஜூலை 13ஆம் தேதி விழுந்த ஆலங்கட்டி, அறுவடைக்கு நின்ற பயிரைப் பல மாவட்டங்களில் நசுக்கியது. ரொட்டி விலை ஏறிக்கொண்டேபோன வேளையில், வரி போட வழியில்லாத ராஜா 1614க்குப் பிறகு கூட்டாத சபையை 1789 மே மாதம் கூட்டினார். கூட்டியது காசு கேட்க. வந்தவர்கள் ஜூன் மாதமே தங்களைத் தேசிய சபை என்று அறிவித்துவிட்டு, அரசியல் சட்டம் கேட்டார்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் காசுதான் காரணமா? அப்படியானால் ரூசோவும் வால்டேரும் வெறும் அலங்காரமா?

பதில்: நன்றாக மாட்டிவிட்டீர்கள். பதினான்காம் லூயி 1715ல் செத்தபோதும் கஜானா காலி. 1720ல் காகிதப் பணம் மண்ணாய்ப் போனது. 1770ல் கடன் திரும்பவில்லை. அப்போதெல்லாம் முணுமுணுப்போடு முடிந்தது. 1789ல் மட்டும் ஏன் வெடித்தது என்றால், அதற்குள் இரண்டு தலைமுறை படித்துவிட்டது. ஊர் ஊராகக் குறைகளை எழுதி அனுப்பச் சொன்னபோது எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கஜானாவைக் காலி செய்ய ராஜாவே போதும். காலியான பிறகு என்ன கேட்பது என்பதைப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன.

போகட்டும், வால்டேர் பணக்காரர் ஆனது எழுதியல்ல. அரசுக் கடன் பத்திரங்களுக்கான லாட்டரியில் இருந்த ஓட்டையை ஒரு கணித நண்பர் கண்டுபிடிக்க, 1729ல் ஒரு குழுவாகச் சேர்ந்து சீட்டுகளை வாங்கிக் குவித்தார். என் கட்சிக்கு ஒரு சாட்சி!

கேள்வி: பாஸ்டில் சிறையை உடைத்து எத்தனை ஆயிரம் பேரை விடுவித்தார்கள்?

பதில்: ஏழு. ஆயிரமில்லை, வெறும் ஏழு. நாலு பேர் கள்ளக் கையெழுத்துக்காரர்கள், இரண்டு பேர் மனநிலை பிறழ்ந்தவர்கள், ஒருவர் குடும்பமே உள்ளே தள்ளிய பிரபு. அங்கே அடைபட்டிருந்த ஆபாச எழுத்தாளர் மார்க்கி தெ சாத் பத்து நாள் முந்தி இடமாற்றம் ஆகிவிட்டார். இல்லாவிட்டால் புரட்சியின் முதல் விருந்தாளி அவராக இருந்திருப்பார். கூட்டம் போனது கைதிக்காக அல்ல, வெடிமருந்துக்காக. காலையில் வேறோர் இடத்தில் துப்பாக்கிகளை அள்ளியாயிற்று, போட மருந்தில்லை.

பலூவா என்ற கட்டட ஒப்பந்ததாரர் கோட்டையை இடித்து, அதன் கல்லிலேயே குட்டிப் பாஸ்டில்கள் செதுக்கி மாவட்டத்துக்கு ஒன்று அனுப்பினார். எந்தப் புரட்சியிலும் கான்டிராக்டர் நஷ்டப்படுவதில்லை.

கேள்வி: கில்லட்டினைக் கண்டுபிடித்த டாக்டர் கில்லட்டின் அதிலேயே செத்தாராமே, என்ன நீதி!

பதில்: கதையைக் கெடுப்பதற்கு வருந்துகிறேன். அவர் கண்டுபிடிக்கவும் இல்லை, அதில் சாகவும் இல்லை. 1814ல் படுக்கையில் போய்ச் சேர்ந்தார். பழைய ஏற்பாட்டில் பிரபுவுக்கு வாள், பாமரனுக்குத் தூக்குக் கயிறு. எல்லாருக்கும் ஒரே மாதிரி, வலியில்லாத சாவு வேண்டும் என்று 1789ல் சபையில் கேட்டார் அந்த மருத்துவர். வடிவமைத்தவர் அந்துவான் லூயி என்ற இன்னொரு மருத்துவர். செய்துகொடுத்தவர் தொபியாஸ் ஷ்மிட், இசைக்கருவி செய்பவர். 1792 ஏப்ரல் 25ஆம் தேதி ஒரு வழிப்பறிக்காரன்மேல் முதலில் விழுந்தது. ‘இவ்வளவு சீக்கிரமா’ என்று கூட்டத்துக்கு ஏமாற்றம். ராஜாவின் முறை ஒன்பது மாதத்தில் வந்தது. பிரான்ஸில் கடைசியாக அது இறங்கியது 1977ல். ஆமாம், வீட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு.

கேள்வி: இடதுசாரி, வலதுசாரி என்பது எங்கிருந்து வந்தது?

பதில்: நாற்காலி போட்ட விதத்திலிருந்து. 1789ல் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் ராஜாவுக்கு வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்பக்கம் சேர்ந்து உட்கார்ந்தார்கள். வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கம்.

கேள்வி: புரட்சிக்காரர்கள் காலண்டரையும் மாற்றினார்களாமே, அது ஏன் நிலைக்கவில்லை?

பதில்: வாரத்துக்குப் பத்து நாள் வைத்தார்கள். அதாவது ஏழு நாளுக்கு ஒரு விடுமுறை போய், பத்து நாளுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபையிடமிருந்து பறித்ததில் தத்துவவாதிக்கு மகிழ்ச்சி. தொழிலாளிக்கு என்ன மகிழ்ச்சி? நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிடம் என்ற ஏற்பாடு 1795லேயே கைவிடப்பட்டது. காலண்டர் 1805 முடியும்வரை நொண்டியது. அதே கூட்டத்தின் அதே பத்துப் பைத்தியத்தில் பிறந்த மீட்டரும் கிராமும் மட்டும் உங்கள் மளிகைக்கடை வரை வந்துவிட்டன.

கேள்வி: மனித உரிமைப் பிரகடனத்தில் பெண்கள் உண்டா?

பதில்: இல்லை என்று கண்டுகொண்ட ஒலாம்ப் தெ கூஜ், 1791ல் பெண்களுக்கென்று ஒரு பிரகடனமே எழுதினார். 1793 நவம்பரில் அவர் தலையை வெட்டினார்கள். அந்தத் தண்டனையில் மட்டும் ஆண், பெண் பேதம் பார்க்கவில்லை. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944ல்.

கேள்வி: சரி, கறுப்பர்கள்?

பதில்: ஒரே சொல்லில் கேட்டுவிட்டீர்கள். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரீபியனில் செந்தொமிங் என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தில் சுமார் ஐந்து லட்சம் அடிமைகள் கரும்பும் காப்பியும் விளைவித்தார்கள். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்குமேல் அவர்கள் பறித்தது. பாரிஸில் உரிமை முழக்கம் கேட்டு இரண்டாண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, 1791 ஆகஸ்டில் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். 1794ல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. நடந்துமுடிந்ததை எழுத்தில் போட்டது என்பது இன்னும் சரி. 1802ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். அவர் அனுப்பிய படை, தலைவர் துசேன் லூவெர்த்யூரை வஞ்சகமாகப் பிடித்து, பிரான்ஸின் குளிர்மலைக் கோட்டையில் சாகவிட்டது. ஆனால் படையை மஞ்சள் காய்ச்சலும் மக்களும் சேர்ந்து தின்றார்கள். 1804 ஜனவரி 1ஆம் தேதி ஹைட்டி சுதந்திர நாடு.

இதில் வட்டிக்கு என்ன வேலை என்கிறீர்களா? 1825ல் போர்க்கப்பல்களை நிறுத்திக்கொண்டு பிரெஞ்சு ராஜா பத்தாம் சார்ல்ஸ் பில் கொடுத்தார்: பண்ணை முதலாளிகளின் நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க். பிற்பாடு 9 கோடியாகக் குறைத்தார்கள். கட்டக் கையில் காசில்லாத ஹைட்டி பாரிஸ் வங்கிகளிடமே கடன் வாங்கியது. அந்தக் கடன் சங்கிலி முடிந்தது 1947ல். தன் உடம்பைத் தானே விலைகொடுத்து மீட்ட நாடு அது. பிரெஞ்சுப் புரட்சியைப் பாடம் நடத்துகிறவர்கள் பாஸ்டிலுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியை இதற்குக் கொடுத்தால் நல்லது.

கேள்வி: நெப்போலியன் குள்ளம்தானே?

பதில்: சுமார் 168 சென்டிமீட்டர். அன்றைய பிரெஞ்சுக்காரனுக்குக் குறைச்சலில்லை. குள்ளமாக்கியது லண்டன் கார்ட்டூனிஸ்ட் ஜேம்ஸ் கில்ரே.

கேள்வி: கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் ஜேம்ஸ் வாட் என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரியா?

பதில்: வாட் பிறக்கும் முன்பே, 1712ல், நியூகமனின் எஞ்சின் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி பழுதுபார்ப்பவராக இருந்த வாட்டிடம், 1763 வாக்கில் அதன் சின்ன மாதிரி ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் உருளையைச் சூடாக்கிச் சூடாக்கிக் குளிரவைப்பதால் நிலக்கரி வீணாவதைக் கவனித்தார். ஆவியைத் தனியறையில் குளிரவைத்தால் என்ன என்று 1765ல் தோன்றியது. அவ்வளவுதான். மகளுக்கு ‘ரிப்பேருக்கு வந்ததை உற்றுப் பார்’ என்று சொல்லிக்கொடுங்கள், கெட்டிலை விடுங்கள்.

விற்ற விதம்தான் எனக்குப் பிடித்தது. கூட்டாளி போல்டனும் அவரும் சுரங்க முதலாளிகளிடம் கேட்டது, பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. முதலாளிகள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, அப்புறம் வருடக்கணக்கில் தராமல் வழக்காடினார்கள்.

கேள்வி: தொழிற்புரட்சி இங்கிலாந்தில் முதலில் வந்ததற்கு ஆங்கிலேயரின் அறிவுதான் காரணமா?

பதில்: நிலக்கரி மலிவு, கூலி அதிகம், ஆளுக்குப் பதில் எஞ்சின் வைத்தால் லாபம் வரும் நாடு அது. நியூகமன் எஞ்சின் ராட்சதத் தீனிக்காரன். கரி இலவசம்போலக் கிடைக்கும் சுரங்க வாயிலைவிட்டால் வேறெங்கும் கட்டுப்படியாகாது. சந்தை, காலனிகள், அமெரிக்க அடிமைகள் பறித்த பஞ்சு எல்லாமும் சேரும்.

இன்னொரு காரணம் நம் கரையில் இருக்கிறது. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியும் வங்காள மஸ்லினும் ஐரோப்பாவைப் பைத்தியமாக்கின. சாயம் போகாது, துவைக்கலாம், விலை குறைவு. பிரான்ஸ் 1686ல் தடைபோட்டது. 1759 வரை நீடித்தது. 1719ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திய பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள். 1721ல் அச்சடித்த பருத்தித் துணியைப் பெரும்பாலும் உடுத்தவே கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம். சுங்கச் சுவருக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, ‘இவர்கள் நூலைப்போல மெல்லிய நூலை மெஷினில் எப்படி எடுப்பது’ என்று ஐம்பது வருடம் தலையை உடைத்துக்கொண்டதன் பலன்தான் நூற்பு இயந்திரங்கள் செய்த ஆர்க்ரைட்டும் கிராம்ப்டனும். 1779ல் கிராம்ப்டன் செய்த நூற்புயந்திரத்துக்கு முதலில் வழங்கிய பெயர்களில் ஒன்று மஸ்லின் ராட்டினம். தடையற்ற வணிகம் பற்றிய பிரசங்கம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

கேள்வி: மெஷினை உடைத்த லுட்டைட்டுகள் முட்டாள்களா?

பதில்: கைதேர்ந்த தொழிலாளிகள். 1811ல் நாட்டிங்ஹாம் பக்கம் காலுறைத் தறிகளை உடைத்தார்கள். எல்லாத் தறிகளையும் அல்ல, மட்டமான சரக்கை மலிவாகத் தள்ளிக் கூலியைக் குறைத்த முதலாளிகளின் தறிகளை. தொழிற்சங்கம் சட்டவிரோதம், வாக்கு கிடையாது. பேச்சுவார்த்தைக்குச் சம்மட்டிதான் மிச்சம். 1812ல் தறி உடைத்தால் மரணதண்டனை என்று சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் தன் கன்னிப்பேச்சிலேயே அதை எதிர்த்தார். பேச்சு பிரமாதம், சட்டம் நிறைவேறியது. 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி: பஞ்சாலைகளில் குழந்தைகளை வேலை வாங்கியதை யாரும் தடுக்கவில்லையா?

பதில்: 1833ல் சட்டம் வந்தது: ஒன்பது வயதுக்குக் கீழே கூடாது, பதின்மூன்றுக்குக் கீழே நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குமேல் கூடாது. நாடு முழுவதற்கும் ஆய்வாளர்கள் நான்கே பேர். இன்னொரு வேடிக்கை, பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837ல். அதுவரை வயதுக்கு அத்தாட்சி உயரமும் பல்லும். வாயைத் திறந்து பார்த்து, ‘ஒன்பது ஆயிற்று, உள்ளே போ’ என்றார்கள். வேடிக்கை என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல் இங்கே பொருந்தாது.

கேள்வி: ரயில் வந்து மனிதனை என்ன மாற்றியது?

பதில்: அவன் கடிகாரத்தைத் திருத்தியது. பிரிஸ்டல் நகரின் சூரிய நேரம் லண்டனுக்குப் பத்து நிமிடம் பின்னால். ரயில் 1840 முதல் லண்டன் நேரத்தில் ஓட, பிரிஸ்டல்காரர்கள் வண்டியைக் கோட்டைவிட்டார்கள். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஊர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிட முள் வைத்தார்கள். இன்றும் இருக்கிறது, போனால் பாருங்கள்.

கேள்வி: 1848ல் ஐரோப்பாவே கொதித்தபோது, ஆலைகள் நிறைந்த இங்கிலாந்தில் மட்டும் ஏன் புரட்சி வரவில்லை?

பதில்: உருளைக்கிழங்கு அழுகல், மோசமான அறுவடை, வேலையின்மை என்று மற்ற நாடுகளின் கஷ்டம் அங்கும் இருந்தது. பிப்ரவரியில் விரட்டப்பட்ட பிரெஞ்சு ராஜா லூயி பிலிப் ‘மிஸ்டர் ஸ்மித்’ என்ற பெயரில் ஓடிவந்து தஞ்சம் புகுந்ததே அங்கேதான். மார்ச்சில் ஆஸ்திரியாவின் சான்சலர் மெட்டர்நிக் வியன்னாவிலிருந்து ஓடினார், அவரும் லண்டனுக்கே. ஆனால் இங்கிலாந்து 1832ல் நடுத்தர வர்க்கத்துக்கு வாக்கையும் 1846ல் இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டத்தின் ரத்தையும் கொடுத்து, கோபக்காரர்களில் பாதியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. மீதிப் பாதி, வாக்குரிமை கேட்ட சாசனக்காரர்கள், ஏப்ரல் 10ஆம் தேதி கென்னிங்டன் மைதானத்தில் கூடினார்கள். மனுவில் 57 லட்சம் கையெழுத்து என்றார்கள். எண்ணிய குமாஸ்தாக்கள் 20 லட்சத்துக்குள் என்றார்கள், அதிலும் விக்டோரியா மகாராணியே ‘கையெழுத்து’ போட்டிருந்தார். மழை வேறு பிடித்துக்கொண்டது.

அன்று ஒழுங்கைக் காக்க ஆயிரக்கணக்கில் தற்காலிகக் காவலர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் லண்டனில் பொழுதுபோகாமல் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், லூயி நெப்போலியன், பெரியவரின் தம்பி மகன். அந்த டிசம்பரில் பிரான்ஸின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1851ல் ராணுவத்தை வைத்து அதே குடியரசை மடக்கிப்போட்டு, அடுத்த வருடம் சக்கரவர்த்தி ஆனார். லத்தி பிடித்த அனுபவம் வீண்போகவில்லை.